மன்றம் இல்லாத நட்சத்திரங்கள்

1988 ஜூன். அலகாபாத் மக்களவைத் தொகுதிக்கு இடைத்தேர்தல். போஃபர்ஸ் புயலில் பெயர் அடிபட்டு அமிதாப் பச்சன் விட்டுவிட்டுப் போன தொகுதி அது. காங்கிரஸ் வேட்பாளர், லால் பகதூர் சாஸ்திரியின் மகன் சுனில் சாஸ்திரி. எதிரே வி.பி. சிங், நேற்றுவரை காங்கிரஸ் அமைச்சர், இன்று அந்தக் கட்சிக்குத் தீராத தலைவலி. கழுத்தில் துண்டு, ஏறிக்கொள்ள ஒரு மோட்டார் சைக்கிள் என்று அவர் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தபோது காங்கிரஸ் தன் பிரம்மாஸ்திரத்தை எடுத்தது. ராமரையே பிரச்சாரத்துக்குக் கூட்டி வந்தது.

ராமர் என்றால் அருண் கோவில். ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ தொடரில் ராமராக நடித்தவர். (பெயரைத் தமிழில் எழுதினால் தானாகவே ஒரு கோவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது, அதற்கு யாரும் பொறுப்பில்லை.) 1987 ஜனவரி 25-ல் தொடங்கி ஞாயிறு காலைதோறும் தூர்தர்ஷனில் வந்த தொடர் அது. அந்த நேரத்தில் வடக்கே கடைத்தெருக்கள் வெறிச்சோடின. டிவி பெட்டிக்கு மாலை சாத்திக் கற்பூரம் காட்டிய வீடுகள் உண்டு. தமிழ்நாட்டிலும் இந்தி தெரியாத பாட்டிமார்கள் வசனம் ஒன்றும் புரியாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்கள், கதைதான் மனப்பாடமாயிற்றே. அலகாபாத் தேர்தல் நடந்தபோது தொடர் இன்னும் முடியக்கூட இல்லை. வாரம் தவறாமல் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்த ராமர், வேடத்தோடு வீதியில் வந்து ஓட்டுக் கேட்டார்.

வி.பி. சிங் பெரிய வித்தியாசத்தில் வென்றார். அடுத்த ஆண்டு பிரதமரும் ஆனார்.

முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து அதே அருண் கோவில், இம்முறை தானே வேட்பாளராக, தான் பிறந்த மீரட்டில் நின்றார். கட்சி பாரதிய ஜனதா. அயோத்தியில் ராமர் கோயில் திறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. 10,585 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். 2019-ல் அதே தொகுதியில் அதே கட்சியின் ராஜேந்திர அகர்வால், எந்தப் புராண வேடமும் போடாமல், 4,729 வாக்குகளில் கரையேறியிருந்தார். ஆக, ராமர் கூடுதலாகக் கொண்டுவந்தது ஐயாயிரத்துச் சொச்சமா? அப்படிக் கணக்குப் போடுவது குறும்பு. 2019-ல் சமாஜ்வாதியும் பகுஜன் சமாஜும் சேர்ந்து நின்றன. 2024-ல் தனித்தனியாக நின்று வாக்குகளைப் பிரித்துக்கொண்டன. அதோடு, அயோத்தி அடங்கிய ஃபைசாபாத் தொகுதியிலேயே பா.ஜ.க. தோற்றது. டிவி ராமர் மீரட்டில் ஜெயிக்க, ராமர் பிறந்த ஊரில் கட்சி தோற்ற தேர்தல் அது.

இந்த இரண்டு தேர்தல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று பிடிபடும். டிவி நடிகரின் முகம் தேர்தலில் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை அந்த முகம் தீர்மானிப்பதில்லை. பின்னால் நிற்கும் கட்சியும் அன்றைய காற்றும் தீர்மானிக்கின்றன.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது சற்று விநோதமாகப் படலாம். நாம் பார்த்து வளர்ந்த கதை வேறு. இங்கே நடிகர் கட்சிக்குள் போவதில்லை. கட்சியே நடிகரைச் சுற்றி முளைக்கிறது. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தி.மு.க.வை விட்டு வெளியே வந்து புதுக்கட்சி தொடங்கியபோது, ஊர் ஊராகக் கிளைகள் திறக்க அவர் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. ரசிகர் மன்றப் பலகை இருந்த இடத்தில் கட்சிப் பலகை ஏறியது. மன்றச் செயலாளர் கிளைச் செயலாளர் ஆனார். படம் வெளியாகும் அன்று கட்-அவுட் கட்டி, தோரணம் தொங்கவிட்டு, டிக்கெட் வாங்கிக் கூட்டம் சேர்த்துப் பழகிய கைகள்தான் வாக்குச்சாவடியிலும் வேலை செய்தன. 1977-ல் ஆட்சி. ஆந்திரத்தில் என்.டி. ராமராவ் 1982 மார்ச்சில் கட்சி தொடங்கி 1983 ஜனவரியில் முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தார். 2005-ல் விஜயகாந்த், 2024-ல் விஜய் என்று இந்த வழி இன்னும் நீள்கிறது. ஒவ்வொருவருக்கும் கட்சிக்கு முன்பே ஒரு மன்றமோ இயக்கமோ இருந்தது.

சீரியல் நட்சத்திரத்துக்கு அது கிடையாது. யோசித்துப் பாருங்கள்: பத்து வருஷம் தினமும் ஒரு முகத்தைப் பார்க்கிறோம். அந்தப் பெண் அழுதால் வீட்டில் சோறு இறங்காது. ஆனால் அவர் பெயரில் தெருமுனையில் ஒரு பலகை பார்த்ததுண்டா? முதல் நாள் முதல் காட்சி இல்லை, பாலாபிஷேகம் இல்லை, வரிசையில் நின்று சண்டை போட்ட அனுபவமும் இல்லை. சினிமா பார்க்க மனிதர்கள் ஒன்றுசேர வேண்டும். சீரியல் பார்க்க அவரவர் வீட்டில் இருந்தால் போதும். பாசம் கோடிக்கணக்கில் கிடைக்கும். படை மட்டும் கிடைக்காது. அதனால்தான் இந்திய டிவி நட்சத்திரங்கள் டெல்லிக்குப் போக வேண்டுமானால் ஏதாவது ஒரு கட்சியின் கதவைத் தட்டியே ஆக வேண்டியிருக்கிறது.

முதலில் கூட்டமாகத் தட்டியவர்கள் ராமாயண, மகாபாரத நடிகர்கள். 1991 மக்களவைத் தேர்தலில் குஜராத்தின் பரோடாவில் பா.ஜ.க. சார்பில் நின்றவர் தீபிகா சிக்லியா, அதாவது சீதை. காங்கிரஸ் சார்பில் எதிர்த்து நின்றவர் பரோடா அரச குடும்பத்து ரஞ்சித்சிங் கெய்க்வாட். சீதை ஜெயித்தார். அதே தேர்தலில், அதே மாநிலத்தின் சபர்காந்தா தொகுதியில், அதே கட்சி சார்பில் ராவணனும் ஜெயித்தார். அரவிந்த் திரிவேதி குஜராத்தி நாடக மேடையில் ஊறியவர். ‘ராமாயண்’ தொடருக்குப் படகோட்டி வேடம் கேட்டுத்தான் போனார். அவருடைய நடையைப் பார்த்த சாகர் இலங்கையின் கிரீடத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டார் என்பது பின்னாளில் பலமுறை சொல்லப்பட்ட கதை. ராவணன் வேடம் போட்டவரை மக்கள் கொண்டாடினார்கள் என்பது ஆர்.எஸ். மனோகரின் ‘இலங்கேஸ்வரன்’ நாடகத்துக்குக் கூட்டம் கூட்டமாகப் போன ஊருக்கு ஆச்சரியம் தராது. ராமரை முன்னிறுத்தி ஓட்டுக் கேட்ட கட்சிக்கு ராவணனும் எம்.பி. ஆனார் என்பதுதான் வேடிக்கை.

ஆனால் இங்கேயும் காற்றைக் கவனிக்க வேண்டும். 1990 செப்டம்பரில்தான் அத்வானியின் ரத யாத்திரை குஜராத்தின் சோம்நாத்திலிருந்து கிளம்பியது. 1991-ல் அந்த மாநிலத்தின் 26 தொகுதிகளில் 20 பா.ஜ.க. பக்கம் போயின. சீதையும் ராவணனும் அந்த இருபதில் இருவர். வேடம் இல்லாத பதினெட்டுப் பேரும் அதே அலையில்தான் மிதந்தார்கள்.

ஐந்தாண்டு முடிந்ததும் சீதை அரசியலை விட்டு விலகிக்கொண்டார். 1996-ல் அதே பரோடாவில் பா.ஜ.க. வெறும் 17 வாக்குகளில் காங்கிரஸிடம் தோற்றது. பதினேழு! ஒரு தெருவில் நாலு வீடு மனசு மாறியிருந்தால் கதை மாறியிருக்கும்.

பி.ஆர். சோப்ராவின் ‘மகாபாரத்’ தொடரில் கிருஷ்ணராக மயிற்பீலி சூடிய நிதிஷ் பரத்வாஜ், படிப்பால் கால்நடை மருத்துவர். 1996-ல் ஜாம்ஷெட்பூரில் வென்று மக்களவைக்குப் போனார். 1999-ல் மத்தியப் பிரதேசத்தின் ராஜ்கர் தொகுதிக்கு அனுப்பினார்கள். திக்விஜய் சிங்கின் தம்பி லட்சுமண் சிங்கிடம் தோற்றார். கீதை சொன்ன முகம் அங்கே செல்லுபடியாகவில்லை. அது திக்விஜய் குடும்பத்தின் கோட்டை. அனுமனாக நடித்த மல்யுத்த வீரர் தாரா சிங்குக்குத் தேர்தல் சிரமமே இல்லை. 2003-ல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினர் ஆனார். திரௌபதியாக நடித்த ரூபா கங்குலி 2016-ல் மேற்கு வங்கச் சட்டமன்றத் தேர்தலில் ஹவுரா வடக்கில் தோற்று, அதே ஆண்டில் நியமனம் வழியாக மாநிலங்களவைக்குப் போனார்.

இவர்களில் யாரும் அரசியலில் நிலைக்கவில்லை. நிலைத்தவர் ஒருவர். அவர் நடித்தது புராணத்தில் அல்ல, மாமியார் மருமகள் கதையில்.

2000 ஜூலை 3. ஸ்டார் பிளஸ் ஒரே நாளில் இரண்டு நிகழ்ச்சிகளைத் தொடங்கியது. ஒன்று, அமிதாப்பின் ‘கௌன் பனேகா குரோர்பதி’. இன்னொன்று, ஏக்தா கபூர் தயாரித்த ‘கியோங்கி சாஸ் பீ கபி பஹூ தீ’. மாமியாரும் ஒருகாலத்தில் மருமகள்தானே என்று பொருள். அதில் பணக்காரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு வரும் புரோகிதர் மகள் துளசி விரானியாக வந்தவர் ஸ்மிருதி. டெல்லியில் பிறந்த ஸ்மிருதி மல்ஹோத்ரா, 1998 மிஸ் இந்தியா போட்டியில் கலந்துகொண்டு மேலே வராமல் போனவர். மும்பையில் மெக்டொனால்ட்ஸ் கடையில் வேலை பார்த்ததை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். தொடர் 1,800 பகுதிகளைத் தாண்டி 2008 நவம்பர் வரை ஓடியது. துளசியின் கணவன் மிகிர் கதையில் செத்துப்போனபோது நேயர்கள் கொதித்துப்போய், கதாசிரியர்கள் அவனைப் பிழைக்க வைத்துக் கூட்டிவர வேண்டியதாயிற்று. அந்தத் துளசிக்கு இந்தி பேசும் மாநிலங்களின் சமையலறை வரைக்கும் செல்வாக்கு.

2003-ல் அவர் பா.ஜ.க.வில் சேர்ந்தார். 2004-ல் டெல்லி சாந்தினி சௌக்கில் கபில் சிபலை எதிர்த்து நின்றார். துளசி உச்சத்தில் இருந்த காலம். தினமும் இரவு டிவியில் வந்துகொண்டிருக்கிறார். மோசமாகத் தோற்றார். அலகாபாத் பாடம்தான்: டிவியில் பார்ப்பது வேறு, ஓட்டுப் போடுவது வேறு.

மற்ற நடிகர்கள் இந்த இடத்தில் ஸ்டூடியோவுக்குத் திரும்பியிருப்பார்கள். ஸ்மிருதி கட்சி அலுவலகத்தை விடவில்லை. நடுவில் ஒரு சறுக்கலும் உண்டு. 2004 டிசம்பரில் சூரத்தில், கட்சியின் தேர்தல் தோல்விக்குக் குஜராத் கலவரமே காரணம், முதல்வர் மோதி பதவி விலக வேண்டும், இல்லையென்றால் உண்ணாவிரதம் இருப்பேன் என்று அறிவித்தார். கட்சி கண்ணை உருட்டியதும் பின்வாங்கினார். வேறு யாராக இருந்தாலும் அரசியல் வாழ்க்கை அத்தோடு முடிந்திருக்கும். இவர் அதே மோதியின் மாநிலத்திலிருந்து 2011-ல் மாநிலங்களவைக்குப் போனார். அதற்கு முந்தைய ஆண்டில் கட்சியின் மகளிர் அணிக்குத் தேசியத் தலைவர். டிவி முகமாகக் கட்சிக்குள் வந்தவர், கட்சி முகமாக டிவி விவாதங்களில் உட்கார ஆரம்பித்தார். சீரியல் அவருக்குக் கொடுத்த உண்மையான சொத்து அங்கேதான் பயன்பட்டது: கேமராவுக்கு முன்னால் தயங்காத நாக்கு, சரளமான இந்தி, எந்த வாக்கியத்தில் குரலை ஏற்ற வேண்டும் என்ற கணக்கு.

2014-ல் அமேதி. சஞ்சய், ராஜீவ், சோனியா, ராகுல் என்று நேரு குடும்பத்தார் வரிசையாக நின்று வென்ற தொகுதி. தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்புதான் ஸ்மிருதியின் பெயர் அறிவிக்கப்பட்டது. 1,07,903 வாக்குகளில் தோற்றார். ஆனாலும் முப்பத்தெட்டு வயதில் மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சர். பதவியேற்றதும் கிளம்பிய முதல் கேள்வி அவருடைய படிப்பைப் பற்றியது. 2004 வேட்புமனுவில் ஒரு பட்டம், 2014 மனுவில் வேறொன்று. வழக்கு டெல்லி நீதிமன்றம் வரை போய் 2016-ல் தள்ளுபடியானது. அதே 2016-ல் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழக மாணவர் ரோஹித் வெமுலாவின் மரணம், பிறகு ஜே.என்.யூ. விவகாரம். மாநிலம் மாநிலமாக மாணவர்கள் தெருவில் இறங்கியபோது அமைச்சர் நாடாளுமன்றத்தில் குரல் தழுதழுக்க, விரல் நீட்டி, நீண்ட நேரம் பேசினார். பிடித்தவர்கள் சிங்கம் என்றார்கள்; பிடிக்காதவர்கள் சீரியல் வசனம் என்றார்கள். நடிகை என்பதாலேயே அவருடைய கோபத்தையும் கண்ணீரையும் நடிப்பு என்று ஒதுக்கிவிடும் வசதி எதிராளிகளுக்கு எப்போதும் இருந்தது. வக்கீலாக இருந்து அமைச்சரானவர் சத்தம் போட்டால் யாரும் அது கோர்ட் பழக்கம் என்று சொல்வதில்லை. சில மாதங்களில் ஜவுளித் துறைக்கு மாற்றினார்கள். அடுத்த ஆண்டு செய்தி ஒலிபரப்புத் துறையும் கூடுதலாக வந்தது, வந்த வேகத்தில் போனது.

இதற்கிடையே அவர் செய்த வேலைதான் இந்தக் கதையின் நடுநாயகம். தோற்ற அமேதியை அவர் விடவில்லை. ஐந்து வருஷம் போய்க்கொண்டே இருந்தார். கிராமம் கிராமமாகக் கட்சிக்காரர்களின் பெயர் தெரிந்துகொண்டார். ராகுல் வரவில்லை, நான் வந்தேன் என்று சொல்லிக் காட்ட ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். 2019-ல் 55,120 வாக்குகளில் ராகுலைத் தோற்கடித்தார். அடுத்த சில நாட்களில் அங்கே அவருக்காக உழைத்த கட்சிக்காரர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட, டெல்லியிலிருந்து போய்ப் பாடையில் தோள் கொடுத்தார். பெண்கள் பாடை சுமக்காத ஊரில் அது பெரிய பேச்சாயிற்று. நடிப்பா, நிஜமா என்று வாதாடலாம். தேர்தல் முடிந்து ஜெயித்தும் ஆன பிறகு போனார் என்பதை மறுக்க முடியாது.

2024 பிப்ரவரியில் அமேதிக்குள் கௌரிகஞ்சில் சொந்த வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் செய்தார். வெளியூர்க்காரி என்ற பேச்சுக்கு அதுவே பதில். நான்கு மாதத்தில் தேர்தல் முடிவு. ராகுல் இந்த முறை அமேதியில் நிற்கவில்லை. காங்கிரஸ் கடைசி நேரத்தில் நிறுத்திய பெயரைக் கேட்டுப் பலர் யார் அது என்றார்கள். கிஷோரி லால் சர்மா. பஞ்சாபின் லூதியானாக்காரர். ராஜீவ் காலத்தில் வந்தவர். நாற்பது வருஷமாக அமேதியிலும் ரேபரேலியிலும் நேரு குடும்பத்தின் சார்பில் அலுவலகம் நடத்தியவர். மனு வாங்குவது, சிபாரிசுக் கடிதம் தருவது, கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போவது. இதுதான் அவர் தொழில். அதுவரை ஒரு தேர்தலிலும் நின்றதில்லை. டிவியில் பார்த்த முகமும் இல்லை. 1,67,196 வாக்குகளில் ஸ்மிருதியை வீழ்த்தினார்.

மன்றம் என்று நாம் சொல்வதை அமேதியில் நாற்பது வருஷமாக ஒற்றை ஆளாக நடத்தியவர் அவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதே 2024-ல் வங்கத்தின் ஹூக்ளியில் நடந்தது வேறு ரகம். ஜீ பங்களாவில் ‘தீதி நம்பர் 1’ என்று ஒரு போட்டி நிகழ்ச்சி. மளிகைக் கடை நடத்துபவர், தையல் தைப்பவர், ஆட்டோ ஓட்டுபவர் என்று சாதாரணப் பெண்கள் வந்து விளையாடி, தங்கள் கதையைச் சொல்லி அழுது சிரித்துப் போவார்கள். நடத்துபவர் ரச்சனா பானர்ஜி. தேர்தலுக்குச் சற்று முன்னால் முதல்வர் மம்தா பானர்ஜியே அந்த நிகழ்ச்சியில் கலந்துகொண்டார். பிறகு ரச்சனா திரிணமூல் வேட்பாளர். எதிரே, தொகுதியின் எம்.பி.யாக இருந்த பா.ஜ.க.வின் லாக்கெட் சட்டர்ஜி, அவரும் நடிகை. ரச்சனா வென்றார். இங்கே முகம் மட்டும் வேலை செய்யவில்லை. கட்சி யாரிடம் ஓட்டுக் கேட்கிறதோ, அந்தப் பெண்களைத்தான் அந்த நிகழ்ச்சி வருஷக்கணக்காக மேடையேற்றிக்கொண்டிருந்தது. சரியான சாவியைச் சரியான பூட்டில் போட்டார்கள்.

பஞ்சாபின் பகவந்த் மான் சாவியைத் தானே ராவிக்கொண்டவர். கிராமத்துப் போலீஸையும் அரசியல்வாதியையும் கிண்டலடித்தே பேர் வாங்கிய நகைச்சுவை நடிகர். ‘தி கிரேட் இந்தியன் லாஃப்டர் சேலஞ்ச்’ வழியாக நாடெங்கும் தெரிந்தவர். 2012-ல் ஒரு சின்னக் கட்சி சார்பில் சட்டமன்றத்துக்கு நின்று தோற்றார். 2014-ல் ஆம் ஆத்மி சார்பில் சங்ரூரில் இரண்டு லட்சம் வாக்குகளுக்கு மேல் வித்தியாசத்தில் மக்களவைக்குப் போனார். 2022 மார்ச்சில் முதல்வர். கேலி செய்தவரின் வாயில் அரசியல் குற்றச்சாட்டு புதிதாகத் தோன்றவில்லை. ஏற்கெனவே கேட்டுச் சிரித்ததுதான்.

நம் ஊருக்கு வருவோம். தமிழ் சீரியல் வரலாற்றில் ஒரே ஒரு பெயர் சொல்லச் சொன்னால் பெரும்பாலானவர்கள் ராதிகா என்பார்கள். 1999 இறுதியில் சன் டிவியில் தொடங்கிய ‘சித்தி’, இரவு ஒன்பதரை மணியைத் தமிழர் வீடுகளில் ஒரு முகூர்த்தம் போல ஆக்கியது. 2024-ல் கணவர் சரத்குமார் தன் சமத்துவ மக்கள் கட்சியை பா.ஜ.க.வில் இணைத்த கையோடு, ராதிகா விருதுநகரில் அந்தக் கட்சியின் மக்களவை வேட்பாளர். எதிரே காங்கிரஸின் மாணிக்கம் தாகூர், தே.மு.தி.க. சார்பில் விஜயகாந்தின் மகன் விஜய பிரபாகரன். விஜயகாந்த் மறைந்து சில மாதங்களே ஆகியிருந்தன. தாகூர் வென்றது வெறும் 4,379 வாக்குகளில். அந்த அளவுக்கு நெருங்கி வந்தவர் விஜயகாந்தின் மகன். ராதிகா மூன்றாம் இடம். பா.ஜ.க.வுக்கு அந்தப் பகுதியில் இருந்த பலம் எவ்வளவோ, அதைத் தாண்டி ‘சித்தி’யால் இழுக்க முடியவில்லை. மாறாக, விஜயகாந்த் மன்றத்துப் பழைய கைகள், அவர் இல்லாத நேரத்திலும், மதுரைக்குத் தெற்கே இன்னும் இருந்தன. ஒரே தொகுதியில், ஒரே நாளில், சினிமாவும் சீரியலும் எடை போடப்பட்ட தேர்தல் அது.

கமல்ஹாசன் கதை இரண்டுக்கும் நடுவே. அறுபது வருஷ சினிமாக்காரர். ஆனால் அரசியல் மேடைக்கு முன்னால் அவர் ஏறியது ‘பிக் பாஸ்’ மேடை. 2017 ஜூனில் தொடங்கிய அந்த நிகழ்ச்சியின் வார இறுதிகளில், வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் சாக்கில் நாட்டு நடப்பையும் இரண்டு வார்த்தை சொல்லிப் பழகினார். 2018 பிப்ரவரியில் மதுரையில் மக்கள் நீதி மய்யம். 2021-ல் கோவை தெற்கில் வானதி சீனிவாசனிடம் 1,728 வாக்குகளில் தோற்றார். 2025 ஜூலையில் தி.மு.க. ஆதரவோடு மாநிலங்களவை உறுப்பினராகத் தமிழில் உறுதிமொழி எடுத்துக்கொண்டார். தன் மன்றங்களை நற்பணி இயக்கமாக மாற்றிவைத்திருந்தவரும் கடைசியில் பெரிய கட்சியின் தோளில்தான் டெல்லி போக வேண்டியிருந்தது.

அப்படியென்றால் டிவி தனியாக ஒரு கட்சியைப் பெற்றெடுத்ததே இல்லையா? உண்டு, உக்ரைனில். 2015-ல் அங்கே ‘மக்களின் சேவகன்’ என்றொரு நகைச்சுவைத் தொடர். ஊழலைத் திட்டிப் பேசிய பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் எதிர்பாராமல் ஜனாதிபதி ஆகிவிடுகிறார். வாத்தியாராக நடித்தவர் வொலொதிமிர் ஜெலென்ஸ்கி. அதே பெயரில் ஒரு கட்சி பதிவாயிற்று. 2018 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டு பிறக்கும் வேளையில், டிவியில் தோன்றி உண்மையிலேயே போட்டியிடப் போவதாக அறிவித்தார். 2019 ஏப்ரலில் 73 சதவீத வாக்கு. அவருடைய ‘க்வர்தால் 95’ தயாரிப்பு நிறுவனத்தின் கூட்டாளிகளே பிரச்சாரம் நடத்தினார்கள். ஜெயித்ததும் சிலர் ஜனாதிபதி மாளிகைக்கும் கூடப் போனார்கள். நம் நடிகருக்கு மன்றம் எப்படியோ, அவருக்குத் தயாரிப்பு நிறுவனம் அப்படி. ஒன்றை மறக்கக் கூடாது: ஜனாதிபதி தேர்தலில் நாடு முழுவதும் ஒரே தொகுதி, ஒரே முகம். அமேதியையும் விருதுநகரையும் போலத் தெருத்தெருவாகக் கணக்குத் தீர்க்க வேண்டியதில்லை.

அமெரிக்காவின் ரொனால்ட் ரீகனை எல்லோரும் ஹாலிவுட் நடிகர் என்பார்கள். அவரை அரசியல்வாதியாக்கியது சினிமாவை விட டிவி. 1954 முதல் 1962 வரை ‘ஜெனரல் எலெக்ட்ரிக் தியேட்டர்’ நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். ஒப்பந்தப்படி அந்த நிறுவனத்தின் தொழிற்சாலைகளுக்கெல்லாம் போய்த் தொழிலாளர் முன் பேச வேண்டும். எட்டு வருஷம் பேசிப் பேசித்தான் மேடைப் பேச்சு கைவந்தது.

டென்மார்க் இதைச் சிரிப்பாகவே செய்து பார்த்தது. யூட்லாந்தின் கிழக்குக் கரையில் ஆர்ஹுஸ். அங்கே யாகோப் ஹௌகோர் என்ற நகைச்சுவை நடிகர், வேண்டுமென்றே வேலை செய்யாதவர்கள் சங்கம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு பல தேர்தல்களில் விளையாட்டாக நின்றுவந்தார். சைக்கிள் பாதைகளில் எப்போதும் முதுகுப்பக்கம் காற்று வீசச் செய்வேன், கிறிஸ்துமஸுக்கு நல்ல பரிசு, ராணுவத்தின் உணவுப் பொட்டலத்தில் நுட்டெல்லா, இவை வாக்குறுதிகள். 1994-ல் 23,253 பேர் ஓட்டுப் போட்டுவிட்டார்கள். தனி வேட்பாளர், கட்சி இல்லை, நாடாளுமன்ற உறுப்பினர்! முந்தைய ஆண்டுதான், இலங்கைத் தமிழ் அகதிகளின் குடும்பங்கள் வந்து சேர்வதைச் சட்டவிரோதமாகத் தடுத்த ‘தமிழ் வழக்கு’ விவகாரத்தில் பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி விலகியிருந்தார். அந்த நாடாளுமன்றத்துக்குள் கோமாளி உடையோடு போனவர் நான்கு வருஷம் உட்கார்ந்திருந்தார். நுட்டெல்லா வந்தது. பூங்காவில் கேட்ட கழிப்பறையும் வந்தது. காற்று மட்டும் தன் இஷ்டப்படியே வீசியது. 1998-ல் போதும் என்று விலகிக்கொண்டார்.

அதே நாட்டில் லார்ஸ் வான் ட்ரியரின் ‘ரீகெட்’ மருத்துவமனைத் தொடரில் நடித்த யென்ஸ் ஒக்கிங், 1999-ல் ஜூன் இயக்கம் என்ற அமைப்பின் சார்பில் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். பதவிக்காலம் முடியும் முன்பே, 2003-ல், விலகினார்.

ஸ்மிருதிக்குத் திரும்புவோம். அமேதியில் அவர் தோற்ற அடுத்த வருஷம், 2025 ஜூலை 29 இரவு, ஸ்டார் பிளஸில் ‘கியோங்கி’ மறுபடியும் தொடங்கியது. பட்டுப் புடவை, நெற்றியில் குங்குமம், துளசி மாடம், அதே தலைப்புப் பாட்டு. துளசிக்கு இப்போது வளர்ந்த பிள்ளைகள். தான் முழுநேர அரசியல்வாதி, பகுதிநேர நடிகை என்று ஸ்மிருதி விளக்கம் சொன்னார். கௌரிகஞ்ச் வீடு அங்கேதான் இருக்கிறது. சீரியலிலோ பழைய ரசிகைகள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். ஏறக்குறைய பதினேழு வருஷம் கழித்து வந்தவரை, வெளியூர் போய்விட்டுத் திரும்பிய மகளைப் போல, எந்தக் கேள்வியும் கேட்காமல் உள்ளே விட்டார்கள்.